திட்டமிட்ட புறநகரில் ஒரு வீடு

தலைநகரில் பணியாற்றும் அரசாங்க ஊழியர் ஒருவருக்கு ஐம்பத்தைந்து வயது கடந்துவிட்டால், அவருடைய இல்லத்தில் இரவு உணவுக்குப் பின் நடைபெறும் பேச்சு பெரும்பாலும் ஒரே பொருளைப் பற்றியதாக இருக்கும். ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் அரசாங்கக் குடியிருப்பைக் காலி செய்தல் வேண்டும். அதன்பின் எங்கே செல்வது? ஊரில் உள்ள பூர்விக வீடு அண்ணன் தம்பிகளுக்குள் பாகமாகிப் போயிற்று. பிள்ளைகள் டில்லியிலேயே படித்து, டில்லியிலேயே வேலையில் அமர்ந்துவிட்டனர். முப்பது ஆண்டுகளாகப் பழகிய மருத்துவரும் மளிகைக் கடைக்காரரும் இங்கேதான் இருக்கின்றனர். ஆகவே பணிக்கொடையையும் சேமநிதியையும் ஒன்றுசேர்த்து, போதாததற்குப் பிள்ளையின் பெயரில் வங்கிக் கடன் பெற்று, தலைநகரின் எல்லையில் ஒரு வீடு வாங்குவது என்று முடிவாகிறது. அந்த வீடு பெரும்பாலும் திட்டமிட்டு அமைக்கப்பெற்ற புறநகர் ஒன்றிலேயே வாய்க்கிறது.

அத்தகைய புறநகரில் வீடு வாங்குவதையும் வாழ்வதையும் பற்றிய சில செய்திகளை இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மொழிபெயர்ப்பு என் தொழிலாதலால், நண்பர்கள் பலர் தங்கள் வீட்டுப் பத்திரங்களை என்னிடம் கொண்டுவந்து, “இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள்?” என்று கேட்பது வழக்கம். அவற்றைப் படித்துப் படித்து எனக்கு ஏற்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. பழைய ஊரில் வீடு வாங்குபவர் கண்ணெதிரே உள்ளதை வாங்குகிறார். தெருவும் கிணறும் கோயிலும் கடைவீதியும் அவர் பிறப்பதற்கு முன்பே அங்கே இருக்கின்றன. திட்டமிட்ட புறநகரில் வாங்குபவரோ நான்கு சுவர்களோடு ஒரு வரைபடத்தையும் சேர்த்து விலைக்கு வாங்குகிறார். அவ்வரைபடத்தில் காணும் பூங்காவும் பள்ளியும் குடிநீர்க் குழாயும் இனி வரவேண்டியவை. அவை எந்த வரிசையில் வரும், வாராமற் போனால் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பவையெல்லாம் பத்திரத்திலும் சட்டத்திலும் அடங்கியிருக்கின்றன. வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு மாதம் செலவிடும் நம்மவர்கள், பத்திரத்தைப் படிப்பதற்கு ஒரு மணி நேரம் செலவிடத் தயங்குகிறார்கள்.

டில்லியின் தென்மேற்கில், விமான நிலையத்தை அடுத்துள்ள துவாரகாவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். துவாரகை என்றதும் கண்ணபிரானின் கடல்சூழ்ந்த நகரம் நினைவுக்கு வரும். இந்தத் துவாரகாவில் கடல் இல்லை. நெடுங்காலம் குடிநீரே அரிதாக இருந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

1941ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் டில்லியின் மக்கள்தொகை ஒன்பது லட்சத்துக்குச் சற்று அதிகம். பிரிவினைக்குப் பின், 1951இல், அது பதினேழு லட்சத்தைத் தாண்டிற்று. வந்தவர்கள் இடம் கிடைத்த மட்டும் குடியேறினர். சாக்கடைக்கும் குடிநீருக்கும் ஏற்பாடு பின்தங்கிற்று. 1955 டிசம்பரில் நகரில் மஞ்சட்காமாலை கொள்ளைநோய்போலப் பரவியது. வஜீராபாத் என்னுமிடத்தில் யமுனையிலிருந்து குடிநீர் எடுக்கிறார்கள். நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர் அவ்விடம்வரை எதிரேறிக் கலந்துவிட்டதே நோய்க்குக் காரணம். நகரத்தைத் திட்டமிட்டு வளர்க்கவேண்டும் என்னும் எண்ணம் அரசாங்கத்தாரிடையே வலுப்பெறுவதற்கு அந்த நோயும் ஒரு தூண்டுகோலாயிற்று. 1957இல் டில்லி வளர்ச்சிச் சட்டம் நிறைவேறி, வளர்ச்சி ஆணையம் அமைந்தது. 1961இல், நகரைச் சூழ்ந்த நிலங்களை அரசாங்கமே பெருமளவில் கையகப்படுத்தி, மேம்படுத்தி, மனையாகவும் வீடாகவும் வழங்குவது என்ற கொள்கை வகுக்கப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பரில் முதலாவது முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது திட்டம் 1990இலும் மூன்றாவது 2007இலும் வந்தன.

நிலம் முழுவதையும் ஒரே கையில் வைத்திருந்ததால் விளைந்த நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. அகன்ற சாலைகளும் பூங்காக்களும் கிடைத்தன. ஆனால் அந்தக் கை மிக மெதுவாகவே விரிந்தது. 1979இல் ஆணையத்தின் வீடுகளுக்காகப் பதிவு செய்துகொண்டவர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் பலருக்கு வீடு கைக்கு வர இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆயின. காத்திருக்க இயலாத எளிய மக்கள் விளைநிலங்களைத் துண்டு துண்டாக வாங்கி, அனுமதியின்றி வீடு கட்டிக்கொண்டனர். அத்தகைய குடியிருப்புகள் 1,731இல் வாழ்வோருக்கு உடைமையுரிமை வழங்க 2019இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. துவாரகாவின் கிழக்கு, வடக்கு எல்லைகளில் நின்று பார்த்தால் இவ்விரண்டு டில்லிகளும் அருகருகே தெரியும். சாலையின் ஒரு பக்கத்தில் அளந்து வைத்த மனைகள். மறுபக்கத்தில் கைநீட்டினால் எதிர்வீட்டு மாடியைத் தொடக்கூடிய சந்துகள்.

துவாரகா 1980களில் உருவான திட்டம். வடமேற்கில் ரோகிணி, வடக்கில் நரேலா, தென்மேற்கில் இது என மூன்று துணைநகரங்கள் வகுக்கப்பட்டன. பப்பன்கலான் என்பதே இதன் முதற்பெயர். ஏறத்தாழ 5,600 எக்டேர் பரப்பில், இருபத்தொன்பது செக்டர்களில், பத்து லட்சம் மக்கள் வாழ்வதற்கென்று வகுக்கப்பெற்றது. ஒவ்வொரு செக்டருக்கும் பள்ளிக்கு இவ்வளவு, கடைகளுக்கு இவ்வளவு, பூங்காவுக்கு இவ்வளவு என்று நிலம் ஒதுக்கப்பட்டது. நிலத்தில் ஒரு பகுதியில் ஆணையம் தானே வீடுகளைக் கட்டிற்று. மற்றொரு பகுதியைக் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்களுக்கு வழங்கிற்று. ஓர் அலுவலகத்தில் பணிபுரிவோர், ஒரு வங்கியின் ஊழியர், ஒரே மாநிலத்திலிருந்து வந்தோர் என நூறு நூற்றைம்பது பேர் சேர்ந்து சங்கம் அமைத்து, தவணை தவணையாகப் பணம் கட்டி, அடுக்குமாடி வீடுகளை எழுப்பினர். யாருக்கு எந்த மாடி என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார்கள். மேல்மாடி விழுந்தவர் முகத்தில் அன்று மகிழ்ச்சி இராது. பிற்காலத்தில் மொட்டைமாடிக் காற்றுக்காக அவரே மகிழ்ந்தார் என்பது வேறு செய்தி.

திட்டம் நிறைவேறும் வரிசையை இங்கே சற்று நின்று பார்த்தல் நலம். வரைபடத்தில் எல்லாம் ஒரே நாளில் தோன்றிவிடுகின்றன. தரையில் முதலில் வீடு வருகிறது, பின்னர்ச் சாலை, பின்னர்த் தெருவிளக்கு, அதன் பின்னரே பேருந்து. துவாரகாவின் எல்லைக்கு மெட்ரோ ரயில் வந்த நாள் 2005 டிசம்பர் 31. நகருக்குள் ஒன்பதாம் செக்டர்வரை 2006 ஏப்ரலிலும், இருபத்தொன்றாம் செக்டர்வரை 2010 அக்டோபரிலும் அது நீண்டது. அதற்கு முன்னர், 1990களின் இறுதியில், அங்கே குடியேறியவர்கள் நகரத்தின் நடுவிலுள்ள அலுவலகத்துக்குப் பேருந்திற் சென்று திரும்புவதற்குள் நாளின் பெரும்பகுதி கழிந்தது. இருட்டிய பின் பிள்ளைகளைத் தனியே அனுப்ப அஞ்சினர். அப்பிள்ளைகள் பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரிக்குச் சென்ற காலத்தில்தான் ரயில் வந்தது. ரயில் வந்ததும் வீட்டின் விலை ஏறிற்று. முன்னரே வாங்கியவர் தம் இளமைக் காலத்தையும் கொடுத்துக் குறைந்த விலையில் வாங்கினார். பின்னர் வாங்கியவர் அவ்வசதியைப் பணமாகவே செலுத்தினார்.

குடிநீர் ரயிலைவிடப் பிந்தி வந்தது. வீடுகள் கட்டப்பெற்றபோதே குழாய்கள் பதிக்கப்பட்டன; தொட்டிகளும் கட்டப்பட்டன; குழாயில் வருவதற்கு நீர்தான் போதவில்லை. சங்கங்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டின. தென்மேற்கு டில்லியின் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. பாத்திரத்தில் வெண்படலம் படியும், பருப்பு வேகாது, துணி வெளுக்காது. எனவே குடிப்பதற்கும் சமைப்பதற்கும் தண்ணீர் லாரியை நம்பி வாழ்ந்தனர். லாரி எப்போது வரும் என்பது வீட்டுப் பெண்களுக்கே நன்றாகத் தெரியும். அலுவலகம் செல்லும் ஆண்கள் லாரிக்கு ஆன கணக்கை மட்டுமே அறிவர். அரியானாவிலுள்ள முனக்கிலிருந்து டில்லிக்குக் காங்கிரீட் கால்வாய் வெட்டி நீர் கொண்டுவருவதாக ஏற்பாடு. அந்த நீரை நம்பித் துவாரகாவில் நாளொன்றுக்கு ஐந்து கோடி காலன் சுத்திகரிக்கக்கூடிய நிலையம் கட்டப்பட்டது. கால்வாய் நீரைப் பற்றி இரண்டு அரசுகளுக்குமிடையே வழக்கு நீண்டதால், கட்டிய நிலையம் நீரின்றிக் காத்திருந்தது. 2015இல்தான் அது இயங்கத் தொடங்கிற்று. முதற் குடும்பங்கள் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றபின் வரைபடத்தின் ஒரு நீலக்கோடு நீராக மாறிற்று. இன்றும் கோடையில் எல்லாச் செக்டர்களுக்கும் ஒரே அளவு நீர் கிடைப்பதாகச் சொல்ல முடியாது.

இனி, வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்ட இடங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். துவாரகாவின் நிலம் வெறும் நிலமாக இருந்ததன்று. பாக்டோலா, அம்பர்ஹை, போசன்பூர், பர்த்தல், தூல்சிராஸ் முதலிய கிராமங்களின் கோதுமை வயல்களே செக்டர்களாயின. வயல் போயிற்று, ஊர் மட்டும் நின்றது. 1908ஆம் ஆண்டு நில அளவையில் வரிவிதிப்புக்காக ஊர் மனைகளைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார்கள். அதற்கு ‘லால் டோரா’, அதாவது செங்கயிறு, என்று பெயர். கோட்டுக்குள் இருந்தவை கையகப்படுத்தப்படவில்லை. அவை நெடுங்காலம் கட்டட விதிகளுக்கும் அப்பாற்பட்டிருந்தன. உழுவதற்கு நிலமில்லாத உழவர், இழப்பீட்டுப் பணத்தைக் கொண்டு மாடிமேல் மாடி கட்டி, அறைகளை வாடகைக்கு விட்டனர். யாருக்கு? செக்டர்களில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு, காவலாளிகளுக்கு, மின்பணியாளர்களுக்கு, மேம்பாலம் கட்ட வந்த கூலியாட்களுக்கு, படிக்க வந்த மாணவர்களுக்கு. திட்டம் வரைந்தவர்கள் வீட்டு எசமானருக்கு வீடு வகுத்தார்கள். அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் எங்கே உறங்குவார் என்பதற்குப் போதிய இடம் வகுக்கவில்லை. அந்தக் குறையைக் கிராமங்கள் ஈடுசெய்கின்றன. கிராமச் சந்தில்தான் தையற்காரர் இருக்கிறார். சைக்கிளுக்குக் காற்றடிப்பவர் இருக்கிறார். இரவு பதினொரு மணிக்கும் தயிர் கிடைக்கிறது. அடுக்குமாடி வாசிகள் சிலர் இக்கிராமங்களை அழுக்கு என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டின் அடித்தளம் யாருடைய வயலில் இறங்கியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அவ்வாறு பேசமாட்டார்கள்.

இப்போது பத்திரத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் கிரயம் என்றால் நிலமும் வீடும் வாங்கியவருக்கே சொந்தம். வில்லங்கச் சான்று பார்த்து, கிரயப் பத்திரம் பதிந்து, பட்டா மாற்றிக்கொண்டால் முடிந்தது. வளர்ச்சி ஆணையங்கள் உருவாக்கிய புறநகர்களில் முறை வேறு. நிலம் ஆணையத்தினுடையது, நமக்குக் கிடைப்பது நீண்டகாலக் குத்தகை. குத்தகை என்ற சொல்லைக் கேட்டதும் தஞ்சை மாவட்டத்துக்காரருக்கு மேனிக்கு இத்தனை கலம் நெல் என்ற கணக்கே நினைவுக்கு வரும். இங்கே குத்தகைக்காரரே வீட்டுக்காரர் என்பதை ஓய்வு பெற்ற ஒரு நண்பருக்கு விளக்குவதற்குள் எனக்கு ஒரு மாலைப்பொழுது சென்றது. யமுனைக்கு அப்பாலுள்ள நொய்டாவில் தொண்ணூறு ஆண்டுக் குத்தகை. பம்பாய்க்கு எதிர்க்கரையில் எழுந்த நவி மும்பையில் முதலில் வகுத்தது அறுபது ஆண்டு. டில்லியில், கட்டணம் செலுத்திக் குத்தகையை முழு உடைமையாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு 1992இல் வந்தது. எனவே பழைய வீட்டை வாங்குபவர் முதலில் கேட்கவேண்டியது: இது குத்தகையா, முழு உடைமையாக மாற்றப்பட்டதா? குத்தகையாயின் எத்தனை ஆண்டு மிச்சமிருக்கிறது? கைமாற்றத்துக்கு ஆணையத்தின் அனுமதி வேண்டுமா? அதற்குக் கட்டணம் யார் செலுத்துவது?

பழைய குத்தகைப் பத்திரங்களில் ஒரு வாசகம் உண்டு. வீட்டை விற்றால், ‘உழைப்பின்றி வந்த மதிப்பு உயர்வில்’ பாதியை ஆணையத்துக்குச் செலுத்தவேண்டும் என்பது அது. அழகான சொற்றொடர், நீதியும் அதில் இருக்கிறது. சாலையும் ரயிலும் பொதுப்பணத்தால் வந்தவை. அதனால் ஏறிய விலை முழுவதும் ஒருவர் பைக்குள் போவானேன்? ஆனால் மக்கள் அதைத் தவிர்க்க வழி கண்டுபிடித்தார்கள். வீட்டை விற்பதாகச் சொல்லாமல், வாங்குபவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தனர். கூடவே ஒரு விற்பனை உடன்படிக்கை, ஓர் உயில், பணம் பெற்றதற்கு ஒரு ரசீது. இவ்வாறு டில்லியில் எண்ணற்ற வீடுகள் பதிவின்றியே கைமாறின. ஒரு வீடு நான்கைந்து பேர் கை மாறியிருக்கும். அரசாங்க ஏட்டிலோ முதலில் ஒதுக்கீடு பெற்றவரின் பெயரே இருக்கும். அவர் காலமாகிவிட்டால் அவருடைய பிள்ளைகள் வந்து கேட்பார்கள். அதிகாரப் பத்திரத்தால் உடைமை மாறாது, பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தால் மட்டுமே மாறும் என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் திட்டவட்டமாகத் தீர்ப்பளித்தது. இன்றும் தரகர் சிலர், “எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள், ஐயா” என்று அந்தக் காகிதக் கட்டைக் காட்டுகிறார்கள். விலை குறைவாகவும் இருக்கும். வாழ்நாட் சேமிப்பை அந்தக் கட்டின்மேல் வைப்பது கூடாது என்பது என் கருத்து.

கூட்டுறவுச் சங்க வீடு என்றால் மற்றோர் எச்சரிக்கை. செயலற்றுக் கிடந்த சங்கங்களைப் போலி உறுப்பினர் பட்டியலோடு உயிர்ப்பித்து, சலுகை விலையில் நிலம் பெறச் சிலர் முயன்றது வெளிப்பட்டு, 2005இல் டில்லி உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆகவே விற்பவர் உண்மையான உறுப்பினர்தாமா, சங்கத்துக்கு அவர் செலுத்தவேண்டிய பாக்கி உண்டா, சங்கம் ஆணையத்துக்குச் செலுத்தவேண்டியது உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் பெறுதல் வேண்டும். வாய்மொழி உறுதியைச் சங்கச் செயலாளர் எவ்வளவு அன்போடு கூறினாலும், அடுத்த ஆண்டு செயலாளர் வேறொருவராக இருப்பார்.

இதுவரை கட்டி முடிந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். நொய்டாவில் நிலை வேறு. 1976இல் உத்தரப் பிரதேச அரசாங்கம் தொழில் நகரமாகத் தொடங்கிய அவ்விடத்திலும், அதை அடுத்துப் பின்னர் எழுந்த பெரிய நொய்டாவிலும், ஆணையம் நிலத்தைத் தனியார் கட்டட நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டது. அந்நிறுவனங்கள் வரைபடத்தைக் காட்டியே வீடுகளை விற்றன. மாதந்தோறும் வாடகையும் கட்டி, வாராத வீட்டுக்கு வங்கித் தவணையும் கட்டிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. ஒரே குழுமத்திடம் பணம் கட்டிய 42,000 பேருக்கு மேற்பட்டோரின் வழக்கில் 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அக்குழுமத்தின் பதிவை நீக்கி, எஞ்சிய வீடுகளைக் கட்டி முடிக்கும் பொறுப்பை அரசாங்கக் கட்டட நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது.

இத்தகைய துன்பங்களைக் கண்டே 2016இல் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அது 2017 மே மாதம் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் சில விதிகளை வீடு வாங்குவோர் மனப்பாடம் செய்துகொண்டாலும் தகும். பதிவு செய்யப்பட்ட உடன்படிக்கை இன்றி விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு அந்தக் கட்டடத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் இருத்தல் வேண்டும். குறித்த நாளில் வீடு கிடைக்காவிடின் பணத்தை வட்டியுடன் திரும்பக் கேட்கலாம். வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே தம் செலவிற் சரிசெய்தல் வேண்டும்.

பரப்பளவுக்கும் அச்சட்டம் ஓர் இலக்கணம் வகுத்தது. முன்னர் ‘சூப்பர் ஏரியா’ என்ற பெயரில் மாடிப்படி, மின்தூக்கி, நடைவழி எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்து 1,500 சதுர அடி என்பார்கள். உள்ளே சென்று அளந்தால் 1,050 இருக்கலாம். இப்போது ‘கார்ப்பெட் ஏரியா’ என்ற அளவையே விலைக்கு அடிப்படையாகக் கூறவேண்டும். வெளிச்சுவர்களும் பால்கனியும் நீங்கலாக, உட்சுவர்கள் உட்பட, நாம் உண்மையில் புழங்கும் தரை அது. கம்பளம் விரிக்கக்கூடிய தரை என்று தமிழில் விரித்துச் சொன்னால் எவருக்கும் விளங்கும். நம் வீடுகளில் கம்பளத்துக்குப் பதில் பாய் விரிப்போம், கணக்கு அதுவே.

வரைபடத்தின்மேல் குடியிருப்போருக்கு உள்ள உரிமையை நாடறியச் செய்த வழக்கும் நொய்டாவில் எழுந்ததுதான். தொண்ணூற்று மூன்று-ஏ செக்டரில் ஒரு குடியிருப்பு. வீடு வாங்கியபோது பசுமைப் பகுதி என்று காட்டப்பட்ட இடத்தில், பின்னர்த் திருத்திய வரைபடத்தின்படி இரண்டு கோபுரங்கள் எழுந்தன. அங்கே வாழ்ந்தோர் சங்கம் நீதிமன்றம் சென்றது. 2014இல் அலகாபாத் உயர் நீதிமன்றமும், 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அவற்றை இடிக்க ஆணையிட்டன. குடியிருப்போரின் ஒப்புதலின்றி வரைபடம் மாற்றப்பட்டதும், கட்டடங்களுக்கிடையே விடவேண்டிய இடைவெளி விடப்படாததும் அதற்குக் காரணங்கள். 2022 ஆகஸ்ட் 28ஆம் நாள், ஏறத்தாழ நூறு மீட்டர் உயர்ந்த அக்கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பலர் வேடிக்கையாகப் பார்த்தனர். இடிந்து விழுந்த சில நொடிகளுக்குப் பின்னால், ஓய்வு பெற்ற சில முதியவர்கள் பல ஆண்டுகள் வரைபடங்களையும் அனுமதிக் கடிதங்களையும் தேடித் தொகுத்த உழைப்பு இருந்தது. வாங்கும் நாளில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல் ஒன்றைப் பெற்றுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது இதனாலேயே.

வாழ்க்கையைப் பற்றியும் ஓரிரு சொற்கள். அரசாங்கக் குடியிருப்பில் குழாய் பழுதானால் பொதுப்பணித் துறையின் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டு வருவோம். ஆள் வந்தால் நம் புண்ணியம். சொந்த வீட்டுக்குச் சென்றபின் நாமே பொதுப்பணித் துறை. மின்தூக்கிக்கும் காவலுக்கும் தோட்டத்துக்கும் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. ஓய்வூதியத்தில் அதற்கு இடம் ஒதுக்கவேண்டும். கட்டடத்தின் வயதையும் பாருங்கள். டில்லி நிலநடுக்க வரைபடத்தில் நான்காம் மண்டலத்தில் உள்ளது. உவர்நீர் கலந்து பூசிய சுவர்களும் துருவேறிய கம்பிகளும் கொண்ட கட்டடத்தில் புதுச் சுண்ணாம்பு எதையும் மறைக்கும். வடடில்லி முகர்ஜி நகரில் 2010ஐ ஒட்டிக் கட்டப்பெற்ற அடுக்குமாடி வீடுகளே பாதுகாப்பற்றவை என்று கண்டு, அவற்றை இடித்துக் கட்ட 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் வழிவிட்டது. ஒரு பொறியாளருக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கட்டடத்தைப் பார்க்கச் சொல்வது வீண்செலவாகாது.

கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிய சண்டை இல்லாத குடியிருப்பே இல்லை எனலாம். 1980களில் வரைந்தவர்கள் ஒரு வீட்டில் இரண்டு கார் நிற்கும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். அண்டை வீட்டாருடன் அதைத் தவிர மற்றவற்றில் ஒற்றுமை நன்றாகவே வளர்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பள்ளி துவாரகாவுக்கு அண்மையில் ஜனக்புரியில் இருக்கிறது. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி அது. மார்கழி மாதத்தில் வடஇந்தியப் பெண்மணிகள் நம் வாசற்கோலத்தைப் பார்க்க நின்று போகிறார்கள். மூன்றாம் மாடிக்காரர் கோலத்தை எங்கே போடுவது என்ற கேள்விக்கு மட்டும் முழுமைத் திட்டத்தில் விடை இல்லை. மின்தூக்கிக்கு எதிரில் போடுகிறார்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த இடத்தை மூன்று வேளைகளில் சென்று பாருங்கள். மழை பெய்த மாலையில் ஒருமுறை: சுரங்கப்பாதையில் நீர் எவ்வளவு தேங்குகிறது என்பது தெரியும். இரவு பத்து மணிக்கு ஒருமுறை: விமானங்கள் தலைக்குமேல் எவ்வளவு தாழ்வாகப் பறக்கின்றன, ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் விளக்கு எரிகிறதா என்பவை தெரியும். மூன்றாவது முறை ஜூன் மாதத்துக் காலை ஆறு மணிக்குச் செல்லுங்கள். தரகரை அழைத்துச் செல்ல வேண்டாம். நேரே மோட்டார் அறைக்குச் சென்று, அங்கே அமர்ந்திருக்கும் ஆளிடம் குழாயில் எத்தனை மணி நேரம் நீர் வருகிறது என்று கேட்கலாம். பிறகு சங்க அலுவலகம் திறந்ததும், சென்ற கோடையில் தண்ணீர் லாரிக்குச் செலவெழுதிய பக்கத்தைக் காட்டும்படி கேட்கலாம்.